ஒன்றரைக்கும் ஆறுக்கும் இடையில்: பதின்ம வயதினருக்கு உணவும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுப்பது எப்படி

போசாக்கு வகுப்பு என்றதும் பலர் உணவுக் கூம்பகப் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் படம் ஏற்கெனவே மனப்பாடம். கேட்டால் ஒப்புவிப்பார்கள், ஒப்புவித்த கையோடு எதிர்க்கடையில் ரோல்ஸும் ஒரு குளிர்பானமும் வாங்குவார்கள். அறிவு போதாமல் அல்ல. கொழும்பில் பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது, ரியூஷன் இரண்டரைக்குத் தொடங்குகிறது. இடையில் வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ பஸ் பிடித்துப் போய்ச் சாப்பிட்டுத் திரும்ப நேரமில்லை. அப்போது அவர்களிடம் இருப்பது பசியும் சட்டைப்பையில் கொஞ்சக் காசும்தான். நீங்கள் சொல்லிக்கொடுப்பது அந்த ஒரு மணித்தியாலத்தில் உதவாவிட்டால் வேறெங்கும் உதவாது.

கீழே உள்ள முறை 13 முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்கு. வாரம் ஒன்று, தலா 90 நிமிடம், ஆறு வாரம். இருபது பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். தராசு ஒன்றைச் சுற்றி அதற்கு மேல் நிற்க முடியாது. கோவில் மண்டபம், தேவாலய மண்டபம், தொடர்மாடியின் கீழ்த்தளம், எது கிடைத்தாலும் போதும்.

தொடங்குமுன்

பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு பக்கப் படிவம் வாங்குங்கள். ஆஸ்துமா உண்டா, உடற்பயிற்சியின்போது மயங்கியதோ நெஞ்சு நொந்ததோ உண்டா, இதய நோய் என்று யாராவது சொன்னார்களா, கச்சான், இறால், முட்டை, பால் இவற்றில் எதற்காவது ஒவ்வாமை உண்டா, தினமும் எடுக்கும் மருந்து என்ன, அவசரத்துக்கு யாருடைய தொலைபேசி. இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' என்றால் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் ஓட விட வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அன்றைக்குப் பார்வையாளர். இதில் இரக்கம் காட்டாதீர்கள்.

வாங்க வேண்டியவை: 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, ஒளி ஊடுருவும் யோகட் கப் இருபது, தேக்கரண்டிகள், சீனி ஒரு கிலோ. ஆள் நிறுக்கும் தராசை மண்டபத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதல் வாரம்: பெயரில்லாத சீட்டு

"ஒரு நாளில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டால் இடியப்பம், சொதி, பழம் என்று அம்மா கேட்க விரும்பும் பதில்தான் வரும். "நேற்றுப் பாடசாலை விட்டதிலிருந்து இரவுச் சாப்பாடு வரை வாய்க்குள் போனது எல்லாம், தண்ணீர் உட்பட, விலையோடு எழுதுங்கள், பெயர் வேண்டாம்" என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் ஒரு சொல்லில்: பசி, விருப்பம், கூட்டாளி, மலிவு, வேறொன்றும் இல்லை.

சீட்டுகளைக் கலந்து நீங்களே வாசித்துக் கரும்பலகையில் கோடு போட்டு எண்ணுங்கள். இங்கேதான் அநேகம் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது சீட்டில் 'கொத்து, ஐஸ்கிரீம்' என்று வந்ததும் முகம் சுளித்து ஒரு "ஐயோ" போட்டால் முடிந்தது. அடுத்த ஐந்து வாரமும் உண்மை வராது. காரணங்களை மட்டும் கூட்டுங்கள். 'வேறொன்றும் இல்லை' என்பது 'விருப்பம்' என்பதை விட அதிகமாக வந்தால், உங்கள் வேலை பிள்ளைகளின் மனதை மாற்றுவது அல்ல, பையில் என்ன இருக்கிறது என்பதை மாற்றுவது. சீட்டுகளை ஓர் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாம் வாரம்: வட்டத்தின் நிறமும் போத்தலின் அளவும்

பிள்ளைகள் உண்மையில் குடிக்கும் ஐந்து பானங்களின் வெறும் போத்தல்களும் பக்கற்றுகளும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு சோடா, ஒரு ஜிஞ்சர் பியர், ஒரு சொக்லேட் பால் பக்கற், 'இயற்கைப் பழச்சாறு' என்று எழுதியது ஒன்று, ஒரு எனர்ஜி ட்ரிங்க். இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதல் குளிர்பானங்களில் சீனி அளவைக் காட்டும் வர்ண வட்டம் கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 2 கிராமுக்குக் கீழே பச்சை, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 11க்கு மேல் சிவப்பு. வட்டத்தை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அது 100 மில்லிலீற்றருக்கான கணக்கு என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

முதலில் தேக்கரண்டியை நிறுக்க விடுங்கள். வழித்து மட்டமாக எடுத்தால் 4 முதல் 5 கிராம். வீட்டில் தேத்தண்ணிக்குப் போடுவதுபோலக் குவித்து எடுக்கச் சொன்னால் 7, 8 என்று காட்டும். "நான் இரண்டு கரண்டிதான் போடுகிறேன்" என்பவருக்கு இந்த இடத்தில் பதில் சொல்லத் தேவையில்லை, தராசு சொல்லிவிடும்.

பிறகு கணக்கு. லேபலில் 100 மில்லிலீற்றருக்கு 10.5 கிராம் என்று இருக்கிறது, போத்தல் 400 மில்லிலீற்றர். 10.5ஐ 4ஆல் பெருக்கினால் 42 கிராம். 5ஆல் வகுத்தால் எட்டுத் தேக்கரண்டியும் கொஞ்சமும். அதை நிறுத்து யோகட் கப்பில் போட்டுப் போத்தலுக்கு முன்னால் வையுங்கள். வட்டம் என்ன நிறம்? செம்மஞ்சள். செம்மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று நினைத்திருந்த மேசை அப்போது அமைதியாகும். ஒரு நாளில் 2000 கலோரி எடுப்பவருக்குச் சேர்க்கப்பட்ட சீனி 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒரு போத்தலில் நாள் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. சில லேபல்களில் '100 மில்லிலீற்றருக்கு', 'ஒரு பரிமாறலுக்கு' என்று இரண்டு நிரல் இருக்கும். பிள்ளை இரண்டாவதை எடுத்து மறுபடியும் பெருக்கிவிடும். பால் பக்கற்றில் ஒரு பங்கு பாலுக்கே உரிய சர்க்கரை என்பதால் அதைச் சோடாவோடு ஒரே தட்டில் வைத்துத் திட்டக்கூடாது. பாலில் புரதமும் கல்சியமும் வருகிறது, சோடாவில் சீனியைத் தவிர ஒன்றும் வருவதில்லை. மூன்றாவது, பனங்கட்டியும் கித்துள் பாணியும் 'நாட்டுச் சாமான்' ஆதலால் கணக்கில் வராது என்ற நம்பிக்கை. ருசி வேறு, சீனி சீனிதான்.

எனர்ஜி ட்ரிங்க் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 250 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் சாதாரணமாக 80 மில்லிகிராம் அளவு கஃபீன் இருக்கும். சாதாரண தரப் பரீட்சைக்கு இரவு விழித்துப் படிக்க அதைக் குடிப்பவர்கள் உண்டு. மறுநாள் காலை தலையிடியோடு எழும்பி இன்னொன்று தேடுவதும் அதே பிள்ளைகள்தான். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். ஐந்தரைக்கு எழும்பும் பிள்ளை ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். கைபேசி வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும்.

வகுப்பு முடிந்ததும் சீனிக் கப்புகளை மூடுங்கள். பத்து நிமிடத்தில் எறும்பு வந்துவிடும்.

மூன்றாம் வாரம்: இரும்பும் தேத்தண்ணியும்

மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துத் தேவை கூடுகிறது. சாப்பாட்டோடு பால் தேத்தண்ணி குடிக்கும் நம் பழக்கம் அதை உடம்பில் சேரவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. சும்மா சொன்னால் காற்றோடு போகும். இதைச் செய்து காட்டுங்கள்.

மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை இரண்டு வாங்கி, மேற்பூச்சைச் சுரண்டி, பொடித்து, அரைக் கப் வெந்நீரில் கரையுங்கள். இன்னொரு கப்பில் பால் சேர்க்காத கடும் சாயத் தேத்தண்ணி. இரண்டையும் கலந்து ஐந்து நிமிடம் வையுங்கள். மை போலக் கறுக்கும். தேயிலையின் துவர்ப்புப் பொருளான தனின் இரும்பைப் பிடித்துக்கொண்டதுதான் அந்தக் கறுப்பு. பிடிபட்ட இரும்பு குடலில் நன்றாக உறிஞ்சப்படாது. சிலர் அடுத்து தேசிக்காய் பிழிந்து நிறம் வெளுப்பதைக் காட்டி "பார்த்தீர்களா, விற்றமின் சி" என்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். வெறும் தேத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்தாலும்தான் நிறம் வெளுக்கும். விற்றமின் சி இரும்பை உறிஞ்ச உதவுவது உண்மை, ஆனால் இந்தக் கப் அதற்குச் சாட்சி அல்ல. மீதி மாத்திரைகளை மேசையில் விட்டுப் போகாதீர்கள். சின்னப் பிள்ளைகள் விழுங்கினால் நஞ்சு.

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியது இரண்டே விடயம். தேத்தண்ணி சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னாலோ பின்னாலோ. கங்குன், முருங்கையிலை வறை, பருப்பு இவற்றோடு தேசிக்காய் அல்லது பின்னால் ஒரு கொய்யாத் துண்டு. மீன், இறைச்சியில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடும் வீடுகளில் பயறு, கௌபி, கடலை என்று ஏதாவது ஒன்று அன்றைக்குத் தட்டில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பாடசாலையில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைப் பிள்ளை விழுங்காமல் எறிகிறதா? வயிற்றைப் பிரட்டுவதுதான் அநேகமான காரணம். வெறும் வயிற்றில் எடுக்காமல், இடைவேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பயந்துபோய் நிறுத்துவார்கள்.

ஓயாத களைப்பு, வெளிறிய கண்மடல், படி ஏறினால் மூச்சு வாங்குவது இருந்தால் ஊகிக்க வேண்டாம். இரத்தப் பரிசோதனை எடுக்கட்டும். இந்த வயதுப் பெண்பிள்ளைக்கு ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை.

நான்காம் வாரம்: பையில் என்ன இருக்கலாம்

காலை ஆறு மணிக்குக் கட்டிய சாப்பாடு கொழும்பு வெயிலில் பின்னேரம் இரண்டு மணிக்கு என்ன நிலையில் இருக்கும் என்பதுதான் இந்த வாரத்தின் பாடம். விதி எளிது: ஈரமானது இடைவேளையோடு முடிய வேண்டும், உலர்ந்தது பின்னேரத்துக்கு. தேங்காய்ப்பூப் போட்ட புட்டு, சம்பல், அவித்த முட்டை, மீன் இவை முதல் வகை. முடிந்தவரை நேரத்தோடு சாப்பிட வேண்டும். வறுத்த கடலை, கச்சான், முழு வாழைப்பழம், வெட்டாத கொய்யா, உடைக்காத பால் பக்கற் இவை இரண்டாம் வகை. ஒன்றரைப் பசிக்கு ஒரு கைப்பிடி கச்சானும் ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழமும் ஒரு போத்தல் தண்ணீரும் இருந்தால் ரியூஷன் முடியும் வரை தாங்கும். ரோல்ஸைக் கடையிலேயே விட்டுவரலாம்.

வகுப்பில் செய்ய: இருபது பேருக்குக் காய்ந்த கொண்டைக்கடலை 750 கிராம். முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும், எட்டு மணித்தியாலத்துக்குக் குறைந்தால் உள்ளே கல்லாக இருக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிய தண்ணீரில் அவியுங்கள். அவிந்த பிறகு இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடும், ஆளுக்கு 75 முதல் 80 கிராம் வரும். அதில் ஏறக்குறைய 7 கிராம் புரதம். உப்பு மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி மொத்தத்துக்கும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய், ஒரு வெங்காயம் தாளித்து, கடலையைக் கொட்டி ஈரம் வற்றும் வரை கிளறுங்கள். இறக்கித் தேசிக்காய். தேங்காய்ப்பூ வேண்டுமென்றால் சாப்பிடப் போகும் நேரத்தில். காலையிலேயே போட்டால் மத்தியானம் புளித்த வாடை வரும். சூடாக மூடியை அழுத்தினாலும் அதே கதி: மூடிக்கு அடியில் வேர்த்துத் தண்ணீர் சொட்டி முழுதும் பழுதாகும்.

இதே வாரம் ஜிம்முக்குப் போகத் தொடங்கிய பையன்களின் புரதத் தூள் கேள்வி வந்தே தீரும். 55 கிலோப் பையனுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12, உள்ளங்கையளவு மீனில் 20, அந்தக் கடலையில் 7, ஒரு கிளாஸ் பாலில் 6, இரண்டு நேரச் சோற்றில் 7 அல்லது 8. கூட்டிப் பார்க்கட்டும், 52 அல்லது 53 வருகிறது. கடினமாகப் பயிற்சி செய்தால் இன்னொரு துண்டு மீனும் கொஞ்சம் பருப்பும். தூளுக்குக் கொடுக்கும் காசில் எத்தனை கிலோ சூடை மீன் வரும் என்பதையும் அவர்களே விசாரித்து வரட்டும்.

உடம்பை அசைக்கும் நாற்பது நிமிடம்

இது ஆறு வாரமும் உண்டு. 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் உரப்படுத்தும் அசைவு என்பது 2020இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. காலிமுகத்திடலோ விகாரமகாதேவி பூங்காவோ கிடைத்தால் நல்லது. கிடைக்காதவர்களுக்கு மண்டபத்தில் செய்வதையே தொடர்மாடி மொட்டைமாடியில் செய்யலாம். வீட்டுக்குள் குதிக்கச் சொல்லாதீர்கள், கீழ்வீட்டுக்காரர் முதல் நாளே ஏறி வருவார்.

எட்டு நிமிடம் உடம்பைச் சூடாக்குதல்: நடை, முழங்கால் உயர்த்தல், கை சுழற்றல். பிறகு ஆறு நிலையம், ஒவ்வொன்றிலும் 30 விநாடி வேலை, 30 விநாடி ஆறுதல், மூன்று சுற்று, சுற்றுகளுக்கிடையில் இரண்டு நிமிடம். மொத்தம் 22 நிமிடம். கதிரையில் இருந்து எழுதல், சுவரைத் தள்ளும் தண்டால், படி ஏறி இறங்கல், முழங்கையில் உடம்பைத் தாங்கி நிற்றல், புத்தகப் பையை இடுப்புவரை இழுத்தல், கயிறில்லாமல் கயிறடித்தல். வாரத்துக்கு 5 விநாடி கூட்டினால் ஆறாம் வாரம் 55 விநாடி வேலை. ஆறுதலைக் குறைக்க வேண்டாம்.

கதிரை அசைவை மட்டும் கிட்ட நின்று பாருங்கள். எழும்பும்போது இரண்டு முழங்காலும் உள்பக்கம் ஒன்றையொன்று தேடிப் போகும், பெண்பிள்ளைகளில் அடிக்கடி. தொடையைச் சுற்றி ஒரு துவாயைத் தளர்வாகக் கட்டி "துவாய் கீழே விழக்கூடாது, வெளியே தள்ளு" என்று சொன்னால் விளக்கமே தேவையில்லை. தாங்கி நிற்கும்போது இடுப்பு தொய்ந்தால் முழங்காலை நிலத்தில் வைக்க விடுங்கள். மூச்சை அடக்குபவர்களைச் சத்தமாக எண்ண வையுங்கள். எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது. வேகம் சரியா என்று அறிய, பேசச் சொல்லுங்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

கொழும்பில் வெப்பத்தை விட ஈரப்பதன்தான் எதிரி. வேர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடம்பு குளிராது. வெளியிலே செய்வதானால் நாலரைக்குப் பிறகு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லிலீற்றர் தண்ணீர். ஒரு பிள்ளை தடுமாறினால், கேள்விக்குக் குழப்பமாகப் பதில் சொன்னால், வாந்தி எடுத்தால் நிழலுக்குக் கொண்டுபோய்ச் சப்பாத்தைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். குழப்பம் இருந்தால் காத்திராமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நினைவு தெளிவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி கேட்டதும் மைதானத்தை விட்டு உள்ளே வாருங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். காய்ச்சலோடு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கள். டெங்கு ஊர் இது: பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.

மாதவிடாய் நாட்களில் செய்யலாம், செய்யாமலும் விடலாம். முடிவு பிள்ளையுடையது, காரணம் கேட்கத் தேவையில்லை. நோன்பு பிடிக்கும் பிள்ளைகள் ரமழானில் இருந்தால் கடும் சுற்றை அன்றைக்கு விட்டு, உடம்பை நீட்டி மடக்கும் அசைவுகளோடு நிறுத்துங்கள்.

ஆள் நிறுக்கும் தராசு ஏன் வேண்டாம்

இருபது பேருக்கு முன்னால் நிறுத்தால், அன்றிரவு ஒருத்தி சாப்பிடாமல் படுப்பாள். நிறுத்து என்ன காணப் போகிறீர்கள்? வளரும் பிள்ளைக்குப் பெரியவர்களின் பி.எம்.ஐ (உடல் நிறைச் சுட்டெண்) அட்டவணை பொருந்தாது. வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் பார்க்க வேண்டும், அதற்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும் பாடசாலை வைத்திய பரிசோதனையும் இருக்கின்றன. 'குண்டன்', 'ஈர்க்குச்சி' என்ற பட்டப்பெயர்களை முதல் நாளே தடை செய்யுங்கள், வீட்டில் செல்லமாகக் கூப்பிடுவதானாலும். வகுப்பில் பேச்சு தட்டைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் இருக்கட்டும், இடுப்பைப் பற்றி வேண்டாம்.

ஒரு பிள்ளை தொடர்ந்து சாப்பாட்டைத் தவிர்ப்பது, சாப்பிட்டவுடன் கழிவறைக்கு ஓடுவது, மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோவது, மயங்கி விழுவது தெரிந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, பெற்றோரோடு மருத்துவரிடம் அனுப்புங்கள். அரச வைத்தியசாலைகளில் உள்ள 'யொவுன் பியச' நிலையங்கள் இளையோருக்கென்றே இருப்பவை. மனம் சரியில்லை என்று யாரிடமாவது பேச வேண்டுமானால் 1926.

ஐந்தாம் வாரம் அம்மாமாருக்கு, ஆறாம் வாரம் மீண்டும் சீட்டு

ஐந்தாம் வாரம் சமைப்பவர்களை அழையுங்கள், அது அம்மம்மாவாக இருந்தாலும். பிள்ளைகளே போத்தல் கணக்கைச் செய்து காட்டட்டும். நீங்கள் பேசினால் குறை சொல்வதுபோல இருக்கும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: தேத்தண்ணிச் சீனியை வாரத்துக்குக் கால் கரண்டி குறைத்துப் பார்ப்பீர்களா? ஒரேயடியாக நிறுத்தச் சொன்ன வீடுகளில் மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும்.

ஆறாம் வாரம் அதே கேள்வி, அதே பெயரில்லாச் சீட்டு. உறையில் உள்ள பழைய எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதுங்கள். பானம் குறைந்திருக்கும், தண்ணீர் கூடியிருக்கும், ரோல்ஸ் அநேகமாக அப்படியே இருக்கும். அப்படி இருந்தால் பிள்ளைகளிடம் திரும்பவும் பேசிப் பயனில்லை. ரியூஷன் வகுப்புக்குப் பக்கத்துக் கடை முதலாளியிடம் நாலைந்து பிள்ளைகளோடு போங்கள். "அண்ணை, திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டு மணிக்கு அவித்த கடலை பதினைந்து பார்சல் போட முடியுமா, மிஞ்சினால் முதல் வாரம் நாங்கள் எடுக்கிறோம்" என்று கேளுங்கள். கடலையை அன்று மத்தியானம்தான் அவிக்க வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.